அண்டாவும் கணக்கு நோட்டும்: ஊர்ப் பசிக்கு ஊரார் தேடும் வழிகள்

அன்னதானம் என்றதும் பந்தியும் பாயசமும்தான் நம் கண்ணில் நிற்கும். இந்த முறை வந்த கேள்விகள் அதற்கு முந்தைய வேலையைப் பற்றியவை. எவ்வளவு அரிசி போடுவது, யார் சாவி வைத்துக்கொள்வது, மிஞ்சிய சோற்றை எப்போது கொட்டிவிடுவது என்று கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரை விட்டு, ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

எங்கள் தெருவைச் சுற்றி நான்கு கல்யாண மண்டபங்கள். முகூர்த்த நாளில் சோறும் சாம்பாரும் குப்பைக்குப் போகின்றன. நண்பர்கள் சேர்ந்து அதை வாங்கி இல்லாதவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறோம். “யாருக்காவது வாந்தி பேதி வந்தால் யார் பதில் சொல்வது?” என்று பெரியவர்கள் தடுக்கிறார்கள். (கும்பகோணம்)

பெரியவர்கள் பயப்படுவதில் தப்பில்லை. சோறு கெட்டால் வாடை காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைப்பதுதான் தப்பு. பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசியோடு வயலிலிருந்தே வருகின்றன. உலை கொதிக்கும்போதும் அவை சாவதில்லை. வடித்த சோறு 60 டிகிரிக்குக் கீழே இறங்கி, வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. வாந்தியைக் கொண்டுவரும் அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. அப்போதும் சோற்றில் புளித்த வாடை இருக்காது, நூல் விடாது. “மோந்து பார்த்தேன், நல்லாத்தான் இருக்கு” என்பது சோதனையே இல்லை.

மண்டபத்து நேரக்கணக்கைப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு 10.30 மணிக்குச் சோறு வடிக்கிறார்கள். கடைசிப் பந்தி எழ 2.30 ஆகிறது. உங்களுக்கு அதற்குப் பிறகுதான் போன் வரும். 3 மணிக்கு ஏற்றி 4.30க்கு ஒருவர் கையில் கொடுத்தால் அது 6 மணி நேரத்துச் சோறு. எனவே பந்தி முடிந்தபின் போகாதீர்கள். 12.30 மணிக்கு உங்களில் ஒருவர் சமையல் கட்டில் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று சமையல் மாஸ்டருக்குத் தெரிந்துவிடும். கடைசிச் சிப்பம் அரிசியை உலையில் போடாமல் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். நிறுத்திய 25 கிலோ அரிசியைக் கல்யாண வீட்டார் மனமுவந்து கொடுத்தால் அது மாதக்கணக்கில் கெடாது. வடித்த சோற்றுக்கு ஆயுள் சில மணி நேரம்தான். மிஞ்சியதைச் சுமப்பதைவிட மிஞ்சாமல் தடுப்பதில்தான் பலன் அதிகம். ஆனால் போட்டோவுக்கு முன்னது அழகாக இருப்பதால் எல்லாரும் அதையே செய்கிறார்கள்.

வடித்ததை எடுக்க வேண்டி வந்தால், பந்திக்குப் போகாத, பரிமாறும் வாளியில் ஏறாத உணவை மட்டும் எடுங்கள். உள்ளே குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். அண்டாவின் மேற்பரப்பில் வைக்காமல் நடுவில் இறக்கிப் பாருங்கள். 60 டிகிரிக்கு மேல் இருந்தால் எடுக்கலாம். குறைவாக இருந்து, எப்போது இறக்கினார்கள் என்று மாஸ்டரால் சொல்ல முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். அடுப்பை விட்டு இறங்கிய 2 மணி நேரத்துக்குள் சாப்பிடுகிறவர் இலைக்குப் போய்விட வேண்டும் என்பதை உங்கள் விதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய்ச் சட்னி, தயிர்ப் பச்சடி, தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு, பால் பாயசம் ஆகியவற்றை என்ன சொன்னாலும் எடுக்காதீர்கள். தேங்காய்த் துருவல் தூவிய பொரியலும் வேண்டாம். வடை, ஜாங்கிரி, லட்டு போன்ற ஈரம் குறைந்தவை தாங்கும். புளியோதரை, வெறும் சோற்றைவிடக் கொஞ்சம் தாங்கும். பிரியாணியில் உள்ள கறி சீக்கிரம் கெட்டுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதல் ஆறு மாதம் அசைவத்தைத் தொடாமலிருப்பது நல்லது.

பாத்திரம் எவர்சில்வராக, கிளிப் மூடியோடு இருக்கட்டும். பெயின்ட் வந்த வாளிகளைக் கழுவிச் சோறு போடுவது இன்னும் நடக்கிறது, கூடாது. பாத்திரத்தை விளிம்பு வரை நிரப்பினால் சூடு நிற்கும், அரைப் பாத்திரம் சீக்கிரம் ஆறும். மூடியில் ஒரு சீட்டு ஒட்டி, உணவின் பெயர், எந்த மண்டபம், சமைத்த நேரம், எத்தனை மணிக்குள் சாப்பிட வேண்டும், சைவமா அசைவமா என்று எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் 200 கிராம் தனி டப்பாவில் எடுத்து, தேதி போட்டு, 2 நாள் குளிர்பெட்டியில் வையுங்கள். புகார் வந்தால் பேசுவதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்க வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது என்பதை முகூர்த்த நாளுக்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள். முதியோர் இல்லம், கட்டடத் தொழிலாளர் கொட்டகை, அரசு ஆஸ்பத்திரி வாசல் என்று ஒரு பட்டியலும், ஒவ்வோர் இடத்திலும் போனை எடுக்க ஒருவரும் வேண்டும். கொடுப்பதற்கு ஆள் தேடி வண்டியில் சுற்றும் அரை மணி நேரத்தில்தான் சூடு இறங்குகிறது. மிஞ்சியதை ராத்திரிக்கு வைக்கலாமா என்றால் வேண்டாம். வீட்டுக் குளிர்பெட்டியில் 20 கிலோ சூடான சோற்றை வைத்தால் அது குளிராது, பெட்டியில் ஏற்கெனவே இருப்பதும் சேர்ந்து கெடும்.

மிஞ்சிய உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்றே இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019-ல் விதிமுறைகள் கொண்டுவந்திருக்கிறது. தொடர்ந்து செய்யும் குழு அதன்கீழ் பதிவு செய்துகொள்ள வேண்டும். மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் கேளுங்கள். பதிவு எண் இருந்தால் மண்டபக்காரரும் தயங்காமல் கூப்பிடுவார்.

ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது. பள்ளியில் காலையும் மதியமும் சாப்பாடு. தமிழ்நாட்டில் பசி என்று யார் இருக்கிறார்கள்? (ஈரோடு)

நல்ல கேள்வி. இதைக் கேட்காமல் அண்டா வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

அரிசி கிடைப்பது உண்மை. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்கு விலை இல்லை. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 2016 நவம்பரில் சேர்ந்தபோதும், எல்லாருக்கும் பொது விநியோகம் என்ற முறையைத் தமிழ்நாடு விடவில்லை. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. 2007-ல் தொடங்கிய சிறப்புத் திட்டத்தில் 1 கிலோ துவரம்பருப்பு 30 ரூபாய்க்கும், 1 லிட்டர் பாமாயில் 25 ரூபாய்க்கும் உண்டு. 1982-ல் விரிவான சத்துணவோடு, 2022 செப்டம்பரில் காலை உணவும் சேர்ந்தது.

விட்டுப்போகிறவர்கள் யாரென்று பாருங்கள். அரிசி இருந்தும் உலை வைக்கத் தெம்பில்லாத தனிக்கட்டைக் கிழவி. அட்டையைச் சொந்த ஊரில் விட்டுவிட்டு வந்த செங்கல் சூளைக் குடும்பம். நடைபாதையில் படுப்பவர். மாதக் கடைசி வாரத்தில் சோறும் ரசமுமாகத் தள்ளும் வீடு. இந்த வீட்டில் வயிறு நிறையும். பருப்பும் முட்டையும் காயும் இல்லாததால் பிள்ளைக்கு ரத்தம் ஊறாது. மே மாதப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பள்ளி மூடினால் இரண்டு வேளைச் சாப்பாடும் நின்றுபோகிறது. உங்கள் ஊரில் ஒரே ஒரு மாதம்தான் சமையலறை நடத்த முடியும் என்றால் மே மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ ஏற்பாடு 2020 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டிலும் நடக்கிறது. பீகார், ஒடிசா அட்டையில் பெயரும் ஆதாரும் இணைந்திருந்தால் இங்குள்ள கடையில் கைரேகை வைத்து மத்திய ஒதுக்கீட்டை வாங்கலாம். பருப்பும் பாமாயிலும் மாநிலத் திட்டம் என்பதால் அவர்களுக்கு வராது. கடைக்காரர் தெரியாது என்று திருப்பி அனுப்பினால் 1967 என்ற தொலைபேசி எண்ணில் புகார் சொல்லலாம். கூடவே போய் நிற்க இந்தி தெரிந்த ஒருவர் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மே மாதம் மட்டும் 100 பேருக்கு மதியச் சாப்பாடு போட வார்டு மகளிர் குழு முடிவு செய்திருக்கிறது. அளவும் செலவும் சொல்லுங்கள். (வேலூர்)

தனித்தனியாகச் சோறு, குழம்பு, பொரியல் என்று போகாதீர்கள். மூன்று அடுப்பு, மூன்று கரண்டி, மூன்று மடங்கு பாத்திரம் கழுவும் வேலை வரும். சாம்பார் சாதமும் ஒரு முட்டையும் போதும்.

பெரியவர் 100 பேருக்கு அரிசி 10 கிலோ, துவரம்பருப்பு 3 கிலோ, காய் 7 கிலோ, எண்ணெய் 1 லிட்டர், புளி 400 கிராம், சாம்பார்ப்பொடி அரைக் கிலோ, தண்ணீர் சுமார் 50 லிட்டர். உப்பை 600 கிராமில் தொடங்கி, ருசி பார்த்துக் கூட்டுங்கள். பாதிப்பேர் பிள்ளைகள் என்றால் அரிசியில் 2 கிலோ குறைக்கலாம், பருப்பைக் குறைக்க வேண்டாம். காய்க்குப் பூசணி, கேரட், முருங்கை, அவரை எது மலிவோ அது. கத்தரிக்காயை மட்டும் கடைசியில் போடுங்கள், இல்லாவிட்டால் இருக்குமிடம் தெரியாமல் கரைந்துவிடும்.

பருப்பை முதலில் தனியே மலர வேகவைத்துக்கொள்ளுங்கள். புளித்தண்ணீர் சேர்ந்தபின் பருப்பும் வேகாது, அரிசியும் விறைத்துக்கொள்ளும். ஆகவே அரிசியும் காயும் முக்கால் பதம் வெந்த பிறகுதான் புளி. முதல் நாளே சொதப்பும் சமையலறைகளில் பெரும்பாலும் இந்த வரிசைதான் மாறியிருக்கும். அடுத்த தொல்லை அடிப்பிடிப்பது. ஒரே பெரிய அண்டாவில் எல்லாவற்றையும் போட்டால் மேலே அரிசி வேகும் முன் அடியில் தீய்ந்துவிடும். 40 லிட்டர் அண்டா இரண்டு எடுங்கள். பருப்பு சேர்ந்த நிமிஷத்திலிருந்து ஒருவர் துடுப்பை விடவே கூடாது. தீய்ந்த வாடை வந்துவிட்டால் சுரண்டாதீர்கள். மேலே உள்ளதை அப்படியே வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டால் முக்கால்வாசி தப்பிக்கும்.

அரிசி கிலோ 50, பருப்பு 130, காய் 40 ரூபாய் என்று வைத்தால் இவை மூன்றுக்கும் 1,170 ரூபாய். எண்ணெய் 180, புளி, பொடி, தாளிப்பு 250, கேஸ் 300. மொத்தம் 1,900. முட்டை ஒன்று ஆறரை ரூபாய் வீதம் 650, சமைக்கும் இருவருக்குக் கூலி 1,000. ஆக 3,550 ரூபாய், தட்டுக்கு முப்பத்தாறு ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். கூலியை மிச்சம் பிடிக்க “நாங்களே முறை வைத்துச் சமைக்கிறோம்” என்று குழுவில் சொல்வார்கள். முதல் வாரம் ஓடும். இரண்டாம் வாரம் ஒருத்தி வீட்டில் காது குத்து, இன்னொருத்திக்குக் காய்ச்சல். சமைப்பவருக்குச் சம்பளம் கொடுங்கள். காய் நறுக்க, பரிமாற, கழுவ முறை வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வீட்டுச் சிலிண்டரை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான். அடுத்தது, அட்டைதாரர்களிடம் ரேஷன் அரிசியைக் காசு கொடுத்தோ கொடுக்காமலோ திரட்டிச் சமைக்காதீர்கள். நல்ல எண்ணத்தில் சேர்த்தாலும் மூட்டை பிடிபட்டால் அது கடத்தல் வழக்கு.

பணம் எங்கிருந்து வரும் என்பதை முதலிலேயே எழுதிவையுங்கள். கேரளத்தில் குடும்பஸ்ரீ என்ற மகளிர் குழுக்களின் பெண்கள் 2020-லிருந்து நடத்திய ஜனகீய ஹோட்டல்களில் சாப்பாடு 20 ரூபாய், அரசு மானியம் சாப்பாட்டுக்கு 10 ரூபாய். 2023-ல் மானியம் நின்றது. விலையை ஏற்ற வேண்டியதாயிற்று, பல கடைகள் மூடின. சமையலில் குறையில்லை, தட்டுக்கு 10 ரூபாய் எங்கிருந்தோ வந்துகொண்டே இருக்கும் என்ற கணக்குத்தான் உடைந்தது. உங்கள் மே மாதத்துக்கு 26 நாள் என்றால் 92,300 ரூபாய். முழுப்பணமும் ஏப்ரல் 20-க்குள் கையில் இல்லையா, நாளைக் குறையுங்கள். பாதியில் நிறுத்துவதைவிட 15 நாள் ஒழுங்காகப் போடுவது மேல்.

வேலை செய்யத் தெம்புள்ளவர்களும் வரிசையில் நின்று சாப்பிடுகிறார்கள். டோக்கன், ஆதார் என்று ஏதாவது வைக்கலாமா? (ராஜபாளையம்)

வேண்டாம். ஆதார் கேட்டால் முதலில் விலகுவது அது இல்லாதவர்தான், அவருக்காகத்தான் அடுப்பே மூட்டினீர்கள். வடலூரில் வள்ளலார் 1867 மே மாதம் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் வருகிறவருக்கெல்லாம் சோறு கிடைக்கிறது. அங்கே தகுதி பார்க்கிறவர் என்று ஒருவர் இல்லை. உங்களால் அந்த அளவுக்கு முடியாது என்றால் உணவையும் நேரத்தையும் இடத்தையும் வைத்து வடிகட்டுங்கள். எளிய ஒரே சாப்பாடு, 12.30 முதல் 1.30 வரை, அங்கேயே உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பார்சல் கிடையாது. நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் தூக்கில் வீட்டுக்குப் போகும். வாசலில் ஓர் உண்டியல் வையுங்கள், தொகை எழுதாமல். வேலைக்குப் போகிறவர்கள் 10, 20 போடுவார்கள். போட்டவர் போடாதவர் யாரென்று கவனிக்கும் ஆளை மட்டும் பக்கத்தில் உட்கார வைக்காதீர்கள்.

எங்கள் குடியிருப்பு வாசலில் பொதுக் குளிர்பெட்டி வைக்க ஆசை. சென்னையில் வெற்றிகரமாக நடக்கிறதாமே? (திருச்சி)

சென்னை பெசன்ட் நகரில் 2017-ல் ‘ஐயமிட்டு உண்’ என்று தொடங்கியதைச் சொல்கிறீர்கள். பெட்டி வாங்குவது சுலபம். பக்கத்தில் ஆள் இல்லாத பெட்டி சீக்கிரம் குப்பைத்தொட்டியாகிவிடும் என்பதை மனதில் வையுங்கள். காலை 7 முதல் இரவு 9 வரை பார்க்க ஒருவர் வேண்டும். குடியிருப்புக் காவலாளியின் கண்ணெதிரே வைத்து, அவருக்கு மாதம் ஒரு தொகை கூடக் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்துவரும்.

கண்ணாடிக் கதவுள்ள கடைக் குளிர்பெட்டியாக வாங்குங்கள். திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும், குளிரும் போகாது. மேலே கூரையும் ஸ்டெபிலைசரும் கட்டாயம். மேற்கு வெயில் படும் சுவர் ஆகாது. உள்ளே ஒரு வெப்பமானி தொங்கட்டும். 5 டிகிரிக்குள் இருக்க வேண்டும். கரன்ட் போய் 2 மணி நேரத்துக்கு மேல் சூடு ஏறியிருந்தால் பாலும் சமைத்த உணவும் வெளியே போக வேண்டியதுதான். பழம், பிரிக்காத பால் பாக்கெட், பிரெட், முட்டை, அன்றே சமைத்துத் தேதியும் நேரமும் எழுதி மூடிய டப்பா, இவற்றை ஏற்கலாம். பச்சை மீன், கறி, பிரித்த பாக்கெட், ஓட்டலில் தின்று மிஞ்சியது கூடாது. இரவு 9 மணிக்குச் சமைத்தது எல்லாம் காலியாகிவிட வேண்டும். விருந்து முடிந்த மறுநாள் காலையில் தயங்கித் தயங்கி ஒருவர் கொண்டு வருவார் பாருங்கள், அதை மறுக்கத் தெரிந்த காவலாளி கிடைத்தால் உங்கள் பெட்டி நிலைக்கும்.

எங்கள் மலைக் கிராமத்தில் 40 வீடுகள். சாமையும் கேழ்வரகும் விளைகின்றன. அறுவடையில் விற்றுவிட்டு ஆடி, ஆவணியில் கடன் வாங்கித் தின்கிறோம். தானிய வங்கி தொடங்கலாம் என்கிறார்கள். முன்பு ஒருமுறை தொடங்கி நின்றுபோனது. (ஜவ்வாது மலை)

முன்பு ஏன் நின்றது என்பதை வைத்தே தொடங்குவோம். இந்த வங்கிகள் பெரும்பாலும் மூன்று காரணத்தால் சாகின்றன. வெளியிலிருந்து இலவசமாக வந்த தானியத்தில் தொடங்கினால் யாருக்கும் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றாது. ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூஞ்சை பிடிக்கும். மழை பொய்த்த வருஷம் வசூலை விடாமல் பிடித்தால் அடுத்த வருஷம் யாரும் வரமாட்டார்கள்.

முதல் தானியம் உங்கள் களத்திலிருந்தே வரட்டும். வீட்டுக்கு 25 கிலோ என்றால் 40 வீட்டுக்கு 1,000 கிலோ. 25 முடியாத வீடு 10 போடட்டும், நிலமே இல்லாத வீடு இரண்டு நாள் உழைப்பைப் போடட்டும். கூரை வேய்தல், காய வைத்தல், மூட்டை அடுக்குதல் எல்லாம் வேலைதானே. அப்படிப்பட்ட வீட்டைச் சேர்க்காமல் தொடங்கினால் வங்கியால் யாருக்கு லாபம்? இருப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தொடவே கூடாது. அது விதைக்கும் சாவு, நோய் போன்ற அவசரத்துக்கும். மீதி 660 கிலோ சுற்றில் போகும். கேட்கும் வீட்டுக்கு ஒரு முறைக்கு 20 கிலோ, வருஷத்துக்கு இரு முறை. வட்டியாக நூற்றுக்குப் பத்து, அதாவது 20 வாங்கினால் 22. வியாபாரியிடம் ஒன்றுக்கு ஒன்றரை அளக்கும் ஊரில் இது யாருக்கும் சுமையாகத் தெரியாது. எலி, பூச்சி, எடைக்குறைவு போக அந்தப் பத்தில் நான்கைந்துதான் நிற்கும், வட்டியே வேண்டாம் என்றால் இருப்பு வருஷா வருஷம் கரையும்.

காயவைப்பதுதான் உயிர்நாடி. சாமை, கேழ்வரகில் ஈரம் 12 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பயறு என்றால் 10. ஈரமானி இல்லாமல் பார்க்க எளிய வழி உண்டு. சுத்தமாகக் காய்ந்த கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தானியம் போடுங்கள். வெறும் வாணலியில் வறுத்து ஆறிய தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேருங்கள். மூடி ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிக் கால் மணி நேரம் வையுங்கள். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். திரும்பக் களத்துக்குக் கொண்டு போங்கள். ஒட்டாவிட்டாலும் உடனே கட்டிவிடாமல் இன்னும் இரண்டு வெயில் காட்டுங்கள். 15-க்கும் 12-க்கும் நடுவில் இருப்பதை இந்தச் சோதனை காட்டாது. தார்ப்பாயில் இரண்டு விரல் கனத்துக்கு மேல் பரப்பக் கூடாது. காய்ந்த சூட்டோடும் மூட்டை கட்டக் கூடாது. ஆறாமல் கட்டினால் உள்ளே வேர்த்துவிடும்.

அறையில் மூட்டையைத் தரையில் வைக்காமல், 15 செ.மீ. உயர மரச்சட்டத்தில் அடுக்குங்கள். சுவரிலிருந்து ஓர் ஆள் நுழையும் இடைவெளி விடுங்கள். அந்த இடைவெளிதான் எலி வளையைக் கண்டுபிடிக்கும் வழி. காற்றுப்புகாத உள்பை போட்ட மூட்டை கிடைத்தால் நல்லது. உள்ளே பிராணவாயு தீர்ந்து வண்டுகள் தானே சாகும். ஆனால் ஒருமுறை பிரித்த பையை அரைகுறையாகக் கட்டி வைத்தால் பலன் போய்விடும். வண்டு வந்துவிட்டதா என்று பார்க்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வடிவமைத்த துளைக்குழாய்ப் பொறி இருக்கிறது. தானியத்துக்குள் செருகி வைத்தால் திரியும் வண்டுகள் துளை வழியே விழுந்து அடியில் சேரும். வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். நொச்சி, வேப்பிலை போடுவது வண்டைக் குறைக்கும், ஒழிக்காது. கடையில் கிடைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை மட்டும் தொடாதீர்கள். அது விடும் வாயு ஆளைக் கொல்லும். வீடுகளுக்கு நடுவில் உள்ள அறையில் அதற்கு இடமில்லை.

பூட்டு இரண்டு, சாவி இரண்டு வெவ்வேறு வீடுகளில், நோட்டு மூன்றாவது வீட்டில். மூவரில் இருவராவது பெண்களாக இருக்கட்டும். ஆடியில் எந்த வீட்டில் உலை ஏறவில்லை என்று அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். அளப்பதற்குப் படியோ வல்லமோ எதுவானாலும் ஒரே பாத்திரம், தலை தட்டி அளக்க வேண்டும். கொடுக்கும்போது தட்டியும் வாங்கும்போது குவித்தும் அளந்தால் ஊர் இரண்டாகும். மழை பொய்த்தால் திருப்புவதை அடுத்த அறுவடைக்குத் தள்ளலாம், வட்டி கூடாது என்ற விதியை முதல் நாளே தீர்மானத்தில் எழுதுங்கள். வறட்சி வந்தபின் எழுதினால் யாரோ ஒருவருக்காக எழுதியதாகத்தான் பேச்சு வரும்.

தெலங்கானாவில் ஜஹீராபாத் பக்கம், தக்காண வளர்ச்சிச் சங்கத்தின் பெண்கள் குழுக்கள் 1990-களில் இதை இன்னும் ஒரு படி மேலே கொண்டு போயின. தரிசாகக் கிடந்த நிலத்தில் சோளம் விதைக்கக் கடன் கொடுத்து, கடனைச் சோளமாகவே திரும்ப வாங்கி, ஊரிலேயே சேமித்தார்கள். யார் மிக ஏழை என்பதை ஊர் கூடி உட்கார்ந்து வரிசைப்படுத்தி, அந்த வரிசைப்படி மலிவு விலைக்குக் கொடுத்தார்கள். ஊர் நடுவில் பேசி முடிவு செய்ததால் பொய்ப் பட்டியலுக்கு வழியில்லை. உங்கள் 40 வீட்டுக்கு இந்தப் பட்டியல் ஒரு சாயங்கால வேலை. முதல் வருஷமே அதைச் செய்துவிடுங்கள்.

ரேஷன் அரிசியை ஊறவைத்தால் சில மணிகள் மிதக்கின்றன. பிளாஸ்டிக் அரிசி என்று அண்டாவோடு கொட்டச் சொல்கிறார்கள். (கடலூர்)

கொட்டாதீர்கள். அது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவில் இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 சேர்த்து அரிசி வடிவில் அழுத்தி எடுத்து, நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் கலக்கிறார்கள். 2023-ல் தமிழ்நாடு முழுக்க ரேஷனில் வந்தது. சந்தேகம் தீர வேண்டுமானால் அந்த மணியை மட்டும் எடுத்து வேகவையுங்கள். வெந்து குழையும், பிளாஸ்டிக் என்றால் குழையாது. மிதப்பதைப் பொறுக்கி எறிந்தால் சத்தைத்தான் எறிகிறீர்கள். இரண்டு தடவைக்கு மேல் கழுவாமல், கஞ்சி வடிக்காமல் அளவுத் தண்ணீரில் வேகவைப்பது நல்லது. தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 78 வயது, தனியாக இருக்கிறார். விரல் ரேகை தேய்ந்துவிட்டதால் கடையில் இயந்திரம் ஏற்பதில்லை. மூன்று மாதமாக அரிசி வாங்கவில்லை. (நாகர்கோவில்)

முதலில் கடையில் கண் கருவிழியைப் பதியும் கருவி இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவும் சரிவராவிட்டால், அவருக்குப் பதிலாக வேறொருவர் வாங்க அனுமதிக்கும் படிவம் இருக்கிறது. பாட்டியின் கையெழுத்து அல்லது கைநாட்டு, அட்டை நகல், வாங்கப்போகிறவரின் விவரம் ஆகியவற்றோடு வட்ட வழங்கல் அலுவலரிடம் கொடுக்க வேண்டும். வாங்கப்போகிறவர் அதே கடைக்குப் போகும் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தால் அலைச்சல் மிச்சம். 70 வயதுக்கு மேற்பட்ட முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே பொருள் கொண்டுவரும் ‘தாயுமானவர்’ திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. பாட்டியின் பெயர் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று கடையிலேயே பார்க்கலாம். விட்டுப்போயிருந்தால் எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்டதற்கு ஒப்புகை வாங்குங்கள். வாய்மொழியாகச் சொன்னது அடுத்த மாதம் யாருக்கும் நினைவிருக்காது.

அரிசி வந்தபின் அவரால் சமைக்க முடிகிறதா என்றும் பாருங்கள். முடியாவிட்டால் தெருவில் ஏழு வீடு பிடியுங்கள், வீட்டுக்கு ஒரு கிழமை. அந்த நாளில் தங்கள் வீட்டில் வைத்ததையே ஒரு தூக்கில் கொடுத்தனுப்பட்டும், தனியாக எதுவும் செய்ய வேண்டாம். சர்க்கரை நோய் இருக்கிறதா, பல் இருக்கிறதா என்று முன்பே கேட்டு ஏழு வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். பல் இல்லாதவருக்குச் சப்பாத்தி வந்தால் வாங்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடுவார். நேற்றைய தூக்கைக் கழுவி வாங்கி வரும்போது மிச்சம் இருந்ததா என்று பார்த்து, அடுத்த வீட்டுக்குச் சொல்லுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து மிச்சம் வந்தால் ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியரைக் கூப்பிட வேண்டிய நேரம்.